லண்டன்ல பாஸ் வாங்காதீங்க, கார்டைத் தட்டுங்க

2025 மே மாசம் பசங்க லீவுல பன்னெண்டு நாள் லண்டன் போயிட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், அம்மா, பதிமூணு வயசு பையன், எட்டு வயசு பொண்ணு. தங்கச்சி ஈஸ்ட் ஹாம்ல இருக்கா, அதனால ரூம் செலவு இல்ல, ஆனா ஊர் சுத்துற செலவு இருக்கே. கிளம்ப ஒரு மாசம் இருக்கும்போது திருச்சியில ஒரு டிராவல்ஸ்ல பேசினப்போ அவங்க "மேடம் அங்க டிரெயின் பஸ் எல்லாம் ரொம்ப காஸ்ட்லி, இங்கேயே பாஸ் எடுத்துட்டுப் போயிருங்க" ன்னு சொல்லி தலைக்கு ஒரு டே பாஸ் கணக்குல பன்னெண்டு நாளுக்கும் ஒரு பில்லு அனுப்பினாங்க, அதுல என் பொண்ணுக்கும் சேத்து போட்டிருந்துச்சு. நானும் பணம் கட்டத்தான் இருந்தேன். தங்கச்சிகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், அவ போன்லயே கத்திட்டா. "அக்கா ஒரு பைசா அனுப்பாத, பாஸே வேண்டாம், கையில இருக்குற பேங்க் கார்டைத் தட்டினா போதும், பாப்பாவுக்கு டிக்கெட்டே கிடையாது".

எனக்கு அப்போ நம்பிக்கை வரல. பாஸ் இல்லாம தினமும் தட்டித் தட்டிப் போனா பணம் தண்ணியா போகுமேன்னுதான் தோணுச்சு. அங்க போய் சுத்தி, ரெண்டு மூணு தப்பும் பண்ணி, அப்புறம்தான் அவ சொன்னது எவ்வளவு சரின்னு புரிஞ்சுது. இந்த லீவுக்கு எனக்குத் தெரிஞ்சு மூணு குடும்பம் லண்டன் கிளம்புறாங்க, மூணு பேரும் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி "எந்த பாஸ் எடுக்கணும்" தான், ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுறதுக்கு பதிலா இங்கேயே எழுதிடுறேன்.

லண்டன் டிக்கெட்டுல ஒரே ஒரு விஷயம் புரிஞ்சாப் போதும், கேப்னு சொல்றாங்க, உச்சவரம்புன்னு வச்சுக்கோங்க. ஊரை வட்டம் வட்டமா ஜோனா பிரிச்சிருக்காங்க, வெங்காயத்தைக் குறுக்கால வெட்டினா தெரியுமே அந்த மாதிரி, நடுவுல இருக்குறது ஜோன் 1, நாம பாக்கப் போற இடம் முக்காவாசி அங்கதான், ஹீத்ரோ ஏர்போர்ட் ஜோன் 6, தங்கச்சி வீடு இருக்குற ஈஸ்ட் ஹாம் ஜோன் 3-க்கும் 4-க்கும் நடுக் கோட்டுல, உள்ள போறப்போ அதை 3-ன்னே எடுத்துக்கிறாங்க. ஸ்டேஷன் கேட்லயும் பஸ்லயும் இருக்குற மெஷின்ல கார்டை நீங்க எத்தனை வாட்டி வேணா தட்டுங்க, ஒரு நாளைக்கு ஒரு அளவுக்கு மேல அந்த மெஷின் பணம் எடுக்காது. நாங்க போனப்போ ஜோன் 1, 2-க்குள்ள ஒரு நாளைக்கு 8.90 பவுண்டு, ஜோன் 3 வரைக்கும்னா 10.50. அதுக்கு மேல நீங்க ராத்திரி வரைக்கும் ஏறி இறங்கினாலும் காசு கிடையாது. அவங்க கணக்குல நாள்ங்கிறது காலையில நாலரைக்கு ஆரம்பிச்சு மறுநாள் நாலரைக்கு முடியுது, அதனால ராத்திரி பன்னெண்டு தாண்டி வீட்டுக்கு வந்தாலும் அது பழைய நாள் கணக்குதான்.

இதை கணக்குப் போட்டுப் பாத்தாதான் ஆச்சரியம். ஒரு நாள் காலையில ஈஸ்ட் ஹாம்ல இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன்ல நேரா வெஸ்ட்மின்ஸ்டர் போனோம், பிக் பென் பாத்துட்டு அங்க இருந்து ம்யூசியம் பக்கம், அங்க இருந்து இன்னொரு இடம், நடுவுல ஒரு பஸ்ஸு, அப்புறம் வீட்டுக்கு. தனித்தனியா கூட்டினா 13 பவுண்டைத் தாண்டும், ஆனா என் கார்டுல எடுத்தது 10.50 மட்டும்தான். நான் எதுவும் பண்ணல, எந்த பாஸும் கேக்கல, எந்த கவுண்ட்டர்லயும் நிக்கல. அதே ஊர்ல பேப்பர் டே டிராவல்கார்டுன்னு ஒண்ணு விக்கிறாங்க, ஜோன் 1-ல இருந்து 4 வரைக்கும் 16 பவுண்டுக்கு மேல, அதே ஜோன்களுக்கு கார்டைத் தட்டினா கேப் 12.80 தான். அதாவது முன்கூட்டியே யோசிச்சு பாஸ் வாங்குறவங்க அதிகமா குடுக்குறாங்க. எங்க டிராவல்ஸ் பில்லுல இருந்தது அந்த பேப்பர் பாஸ்தான்.

இன்னும் மோசம் சிங்கிள் டிக்கெட். மெஷின்ல காசு போட்டு ஜோன் 1-க்குள்ள ஒரே ஒரு தடவை ட்யூப்ல, அதாவது சுரங்க ரயில்ல, போறதுக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தா 7 பவுண்டு, அதையே கார்டைத் தட்டிப் போனா 3 பவுண்டுக்கும் கம்மி. ஒரு ஸ்டேஷன்ல நம்ம ஊர் குடும்பம் ஒண்ணு, தாத்தா பாட்டி எல்லாரும், மெஷின் முன்னாடி நோட்டு நோட்டா போட்டு ஆறு சிங்கிள் டிக்கெட் எடுத்துக்கிட்டிருந்தாங்க, நான் ஓடிப்போய் சொல்றதுக்குள்ள நாலு டிக்கெட் கீழ விழுந்துருச்சு. அது இன்னும் எனக்கு மனசுல நிக்குது, யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கு மதிய சாப்பாட்டுக் காசு அவங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

சரி, எந்த கார்டு. விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் இதுல தட்டிப் பணம் கட்டுற வசதி இருக்கணும், கார்டுல வைஃபை மாதிரி நாலு வளைவுக் கோடு போட்டிருக்கும் பாருங்க அது. நம்ம யுபிஐ அந்த கேட்ல வேலைக்கு ஆகாது, ரூபே மட்டும் போட்ட கார்டையும் நம்பிப் போகாதீங்க. அப்புறம் ரொம்ப முக்கியம், ரிசர்வ் பேங்க் 2020-ல கொண்டு வந்த விதிப்படி நம்ம கார்டுங்கள்ல வெளிநாட்டு உபயோகமும் தட்டுற வசதியும் நாமளா ஆன் பண்ணாத வரைக்கும் ஆஃப்லதான் இருக்கும். ஊர்லயே பேங்க் ஆப்ல போய் ரெண்டையும் ஆன் பண்ணிட்டுக் கிளம்புங்க, ஏர்போர்ட்ல போய் ஓடிபி வரல சிம் வேலை செய்யலன்னு நிக்க வேண்டாம். வெளிநாட்டுச் செலவுக்குன்னு பேங்க் தனியா ஒரு கட்டணம் போடும், என் கார்டுல 3.5 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, உங்க பேங்க்ல என்னன்னு பாத்துக்கோங்க. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியா மெசேஜ் வராது, அன்னைக்குப் போனது மொத்தத்தையும் சேத்து ராத்திரி ஒரே தொகையா எடுப்பாங்க, அதனால காலையில மெசேஜைப் பாத்து நேத்து கணக்கு சரியான்னு சொல்லிடலாம்.

அம்மாகிட்ட அந்த மாதிரி கார்டு கிடையாது, பையனுக்கும் கிடையாது. அவங்களுக்கு ஓய்ஸ்டர் கார்டு. 2003-லயே வந்த நீலக் கலர் கார்டு அது, காசு ஏத்திக்கிட்டு தட்ட வேண்டியதுதான், கேப் எல்லாம் அதுக்கும் உண்டு. நாங்க வாங்கினப்போ கார்டுக்கே 7 பவுண்டு, அது திரும்பக் கிடைக்காது, உள்ள ஏத்துற காசுதான் நம்மது. அதனால சொந்தமா நல்ல பேங்க் கார்டு இருக்குறவங்க ஓய்ஸ்டர் வாங்க அவசியமே இல்ல, ஆனா 11-ல இருந்து 15 வயசுக்குள்ள பிள்ளைங்க இருந்தா கட்டாயம் வாங்கணும். ஏன்னா யங் விசிட்டர் டிஸ்கவுண்ட்னு ஒண்ணு இருக்கு, ஸ்டேஷன்ல இருக்குற ஸ்டாஃப்கிட்ட பையனையும் அந்த ஓய்ஸ்டரையும் காட்டிக் கேட்டா ரெண்டு நிமிஷத்துல அதுல ஏத்திக் குடுப்பாங்க, 14 நாள் வரைக்கும் பெரியவங்க கட்டணத்துல பாதிதான். பேங்க் கார்டுல இது கிடைக்காது. நாமளா கேட்டாத்தான் உண்டு. ஹீத்ரோவுல இறங்கின உடனே ட்யூப் ஸ்டேஷன் ஸ்டாஃப் ஒருத்தர்கிட்ட தங்கச்சி கேட்டு வாங்கிக் குடுத்தா, பன்னெண்டு நாளும் பையனுக்கு பாதிக் காசுதான்.

பதினொண்ணு வயசுக்குக் கீழன்னா பஸ்ல ஃப்ரீ, ட்யூப்லயும் டிக்கெட் எடுத்த பெரியவங்க ஒருத்தரோட நாலு குழந்தை வரைக்கும் ஃப்ரீ. பொண்ணை பெரிய கேட் வழியா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம். அவளுக்கும் சேத்து பன்னெண்டு நாளுக்கு பில்லு போட்டிருந்தாங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

பெரியவங்களுக்கு என்னன்னு கேப்பீங்க. அம்மாவுக்கு அறுபத்தேழு வயசு, நம்ம ஊர் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீங்கிறதால அவங்க டிக்கெட் எடுத்து வருஷக்கணக்காச்சு. லண்டன்ல 60 தாண்டினவங்களுக்கு இலவச கார்டு உண்டு, ஆனா அது அங்க குடியிருக்குறவங்களுக்கு மட்டும்தான், பாக்க வர்றவங்களுக்குக் கிடையாது. அதனால அம்மாவுக்கு முழுக் கட்டணம்தான்.

ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்கு வர்றதுலயே பாதிப் பேர் பணத்தை விட்டுடுறாங்க. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு பேடிங்டன் வரைக்கும் கால் மணி நேரத்துல போகுது, அன்னன்னைக்கு வாங்கினா 25 பவுண்டுக்கு கிட்ட. எலிசபெத் லைன் 13 பவுண்டுக்கு மேல. பிக்காடில்லி லைன் ட்யூப் 6 பவுண்டுக்குள்ள. நாங்க பிக்காடில்லில ஏறி ஹேமர்ஸ்மித்ல இறங்கினோம், அங்க எதிர்ப்பக்கமே டிஸ்ட்ரிக்ட் லைன் வந்து நிக்கும், பெட்டியைத் தூக்கிட்டு படி ஏற வேண்டியதே இல்ல, அதே பிளாட்பாரத்துல நாலடி நடந்து மாறிக்கிட்டா அது நேரா ஈஸ்ட் ஹாம். நேரம் ஆகுதுதான், ஒன்றரை மணி நேரம் கிட்ட, ஆனா மூணு பெரியவங்களுக்கு மட்டும் எவ்வளவு மிச்சம்னு பாருங்க. அவசரம் இல்லாதவங்க இதுலயே வாங்க.

இப்போ நாங்க பண்ணின தப்புங்க. கேட்ல தட்டி உள்ள போற மாதிரி வெளிய வரும்போதும் தட்டணும், ட்யூப்ல கேட் இருக்கும் அதனால மறக்க மாட்டோம், தட்டாம கேட் திறக்காது. ஆனா டிஎல்ஆர்னு ஒரு சின்ன ரயில் ஓடுது, டிரைவரே கிடையாது, முன்னாடி சீட்டுல உக்காந்தா நாமளே ஓட்டுற மாதிரி இருக்கும், என் பொண்ணு அந்த சீட்டை விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. அதுல முக்காவாசி ஸ்டேஷன்ல கேட்டே இல்ல, ஒரு கம்பத்துல மஞ்ச வட்டம் மட்டும் இருக்கும், நாமளா நினைவு வச்சுத் தட்டணும். கிரீனிச்ல கப்பல் பாக்க கட்டி சார்க் ஸ்டேஷன்ல இறங்கினோம், கூட்டம், நான் பொண்ணைப் பிடிக்கிறதுல இருந்தேன், அம்மா தட்டாம வெளிய வந்துட்டாங்க. எங்க இறங்கினாங்கன்னு மெஷினுக்குத் தெரியாது, அதனால அது அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துருச்சு. சாயங்காலம் கார்டுல பேலன்ஸ் பாத்தப்போதான் தெரிஞ்சுது. அம்மா முகம் சுருங்கிப் போச்சு, "என்னாலதானே" ன்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. தங்கச்சி அந்த கார்டை அவ அக்கவுண்ட்ல பதிஞ்சு எங்க இறங்கினோம்னு எழுதிக் கேட்டா, பணம் கார்டுக்கே திரும்பி வந்துருச்சு. அதனால அப்படி ஆனா விட்டுடாதீங்க, கேட்டா கிடைக்கும். ஆனா உள்ள போறப்போ தட்டாம போய் செக்கிங்ல மாட்டினா 100 பவுண்டு அபராதம், சீக்கிரம் கட்டினா பாதி, அது வேற கதை, டிஎல்ஆர்ல கேட் இல்லைங்கிறதால டிக்கெட் வேண்டாம்னு யாரும் நெனச்சுடக் கூடாது.

இன்னொண்ணு வீட்டுக்காரர் பண்ணினது. அவர் பர்ஸ்ல ரெண்டு பேங்க் கார்டு, பர்ஸோட சேத்துத் தட்டுவார். உள்ள போறப்போ ஒரு கார்டை மெஷின் பிடிச்சுக்கிச்சு, வெளிய வர்றப்போ இன்னொரு கார்டு. மெஷின் கணக்குல உள்ள போனவர் வெளிய வரல, வெளிய வந்தவர் உள்ளயே போகல, ரெண்டுலயும் அதிகபட்சக் கட்டணம். காலையில ரெண்டு பேங்க்ல இருந்தும் மெசேஜ் வந்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. போன்லயோ வாட்ச்லயோ கார்டை ஏத்தி வச்சிருந்தாலும் இதே கதைதான், அதே பேங்க் கார்டா இருந்தாலும் போன்ல தட்டினா அது வேற, பிளாஸ்டிக்ல தட்டினா அது வேற, கேப்பும் சேராது. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, காலையில எதைத் தட்டினீங்களோ ராத்திரி வரைக்கும் அதையே, பர்ஸ்ல இருந்து வெளிய எடுத்துத் தட்டுங்க. ஒரே கார்டுல ரெண்டு பேரு போகவும் முடியாது, புருஷன் கார்டைத் தட்டிட்டு பின்னாடி திரும்பி பொண்டாட்டிக்கு நீட்டுற வேலை அங்க நடக்காது.

பஸ்ஸு பத்தி எழுதுறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்க ஏறி எங்க இறங்கினாலும் 1.75 பவுண்டு, ஜோன் எல்லாம் கிடையாது, ஏறும்போது மட்டும் தட்டினா போதும், இறங்கும்போது தட்டவே வேண்டாம். 2014 ஜூலையில இருந்து பஸ்ல காசே வாங்குறதில்ல, அதனால கையில நோட்டை வச்சுக்கிட்டு ஏறினா இறக்கி விட்டுடுவாங்க. அம்மா முதல் நாள் ஏறினதும் சீட்டுல உக்காந்து, முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த சில்லறையை எடுத்து கையில வச்சுக்கிட்டு "கண்டக்டர் எங்கடி" ன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாங்க. கண்டக்டர் இல்லைன்னதும் அவங்களுக்கு என்னமோ வருத்தமா போச்சு. இத்தனை பேர் ஏறுற வண்டியில எங்க இறங்கணும்னு சொல்ல ஒரு ஆள் இல்லையேன்னு கேட்டாங்க, அது நியாயமான கேள்விதான்.

முதல் தட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் அந்த 1.75 தான், ஹாப்பர்னு பேரு. நாள் முழுக்க பஸ்லயே சுத்தினாலும் 5.25-க்கு மேல போகாது, அதாவது மூணு டிக்கெட் காசு. டபுள் டெக்கர் மேல் மாடி முன் சீட்டுல உக்காந்து ஊர் பாக்குறதுக்கு தனியா டூர் பஸ்ஸெல்லாம் வேண்டாம், டவர் ஹில்லுல இறங்கி 15-ஆம் நம்பர் பஸ் பிடிங்க, செயின்ட் பால்ஸ் சர்ச், ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்ட் எல்லாம் தாண்டி டிரஃபால்கர் ஸ்கொயர்ல விடும். பசங்க அந்த ஒரு பஸ்ஸை மூணு வாட்டி கேட்டு ஏறினாங்க.

ஹாப்பரை நல்லா உபயோகிச்சது அம்மாதான். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்ல இருந்து கொஞ்ச தூரத்துல சர்ச் ரோட்ல முருகன் கோயில் இருக்கு, நாலாவது நாள்ல இருந்து அம்மா தனியாவே பஸ் ஏறி போக ஆரம்பிச்சுட்டாங்க. பையன் சொன்னான், "பாட்டி ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பி ஏறிட்டா வர்றது ஃப்ரீ". அம்மா சொன்னாங்க "சாமிகிட்ட போய் மணி பாத்துக்கிட்டு நிக்க முடியாதுடா, ஃப்ரீயா வந்தா வருது இல்லாட்டி அந்தக் காசை உண்டியல்ல போட்டதா நெனச்சுக்கிறேன்". ஆனா ரெண்டு நாள் ஒரு மணி நேரத்துக்குள்ளயே வந்துட்டாங்க, கார்டுல காசு குறையலன்னு கடையில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சந்தோஷமா சொன்னாங்க.

கடைன்னதும் அந்த அண்ணனைப் பத்தி சொல்லணும். வீட்டுப் பக்கத்துல ஒரு சின்ன மளிகைக் கடை, ஓய்ஸ்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அந்த மாதிரி கடைங்க ஊர் முழுக்க இருக்கு, ஸ்டேஷன் போகாமலே காசு ஏத்திக்கலாம். கடைக்காரர் ஈழத் தமிழர். அம்மா கார்டை நீட்டி இருபது பவுண்டு போடுங்கன்னாங்க. "அம்மா பஸ்ஸில தானே கூடப் போறீங்கள், பத்து பவுண்ஸ் காணும், பிறகு தேவையெண்டால் வாங்கோ ரொப் அப் பண்ணித் தாறன்" ன்னார். அம்மாவுக்கு பத்து பவுண்டைக் காணோம்னு கேட்டுருச்சு, பதறிப் போய் பையைத் தடவுறாங்க, அவர் சிரிச்சுக்கிட்டே "காணும் எண்டால் போதும் அம்மா" ன்னார். இருபது ஏத்தினா அவருக்கென்ன நஷ்டம், ஆனாலும் தேவைக்கு மட்டும் ஏத்தச் சொன்னார். அதுக்கப்புறம் அம்மா ஸ்டேஷன் மெஷின் பக்கமே போகல.

ஹைகேட் முருகன் கோயிலுக்கும் ஒரு நாள் போனோம். எல்லாரும் நடு ஊர் வழியா போய் நார்தர்ன் லைன் மாறுவாங்க. தங்கச்சி வேற வழி கூட்டிட்டுப் போனா, ஈஸ்ட் ஹாம்ல இருந்து எதிர்த்திசையில ஒரே ஸ்டேஷன், பார்க்கிங் (Barking)னு பேரு, அங்க இருந்து ஓவர்கிரவுண்ட் ரயில், அப்பர் ஹாலோவேல இறங்கி பத்து நிமிஷம் நடந்தா ஆர்ச்வே, அங்க இருந்து பஸ். ஜோன் 1-க்குள்ளயே நுழையாததால கணிசமா கம்மி. அந்த லைனுக்கு 2024-ல சஃப்ரஜெட் லைன்னு பேரு வச்சிருக்காங்க, ஓட்டுரிமைக்காகப் போராடின பெண்களோட பேரு, தங்கச்சி அதை என் பொண்ணுக்கு ரயில்லயே விளக்கிச் சொல்லிக்கிட்டு வந்தா. இப்படி ஜோன் 1-ஐ சுத்திப் போற வழியில சில ஸ்டேஷன்ல ரயில் மாறுற இடத்துல பிங்க் கலர்ல ஒரு மெஷின் இருக்கும், ஸ்ட்ராட்ஃபோர்டுல பாக்கலாம், அதைப் பாத்தா நின்னு தட்டிட்டுப் போங்க, நீங்க நடு ஊர் வழியா வரலைன்னு அதுக்கு சொல்றதுதான் அது, தட்டலைன்னா அதிகமான ரூட்டுக் காசு எடுக்க வாய்ப்பிருக்கு.

நேரமும் பாத்துக்கோங்க, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் காலையில ஆறரை டு ஒன்பதரை, சாயங்காலம் நாலு டு ஏழு பீக், அப்போ ட்யூப்ல கொஞ்சம் ஜாஸ்தி. பஸ்ஸுக்கு அது கிடையாது. பசங்களைக் கிளப்பி வெளிய வரவே எங்களுக்கு ஒன்பதரை தாண்டிடும், அதனால காலை பீக்ல நாங்க மாட்டவே இல்ல.

பாஸே வேண்டாம்னு சொன்னேனே, ஒரு விதிவிலக்கு சொல்லிடுறேன் நியாயமா. வாரத்துக்கும் ஒரு கேப் உண்டு, ஆனா அது திங்கக்கிழமை ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை முடியும். நீங்க வியாழக்கிழமை இறங்கி ஏழு நாளும் விடாம ட்யூப்ல சுத்துறதா இருந்தா அந்த ஏழு நாள் ரெண்டு வாரமா உடைஞ்சுரும், கேப் சரியா கிடைக்காது. அவங்களுக்கு ஓய்ஸ்டர்ல ஏழு நாள் டிராவல்கார்டு ஏத்திக்கிறது லாபம், அதை எந்தக் கிழமையில வேணா ஆரம்பிக்கலாம். நாங்களும் வியாழக்கிழமைதான் இறங்கினோம், ஆனா ஒரு நாள் வீட்டுல ஓய்வு, ரெண்டு மூணு நாள் வெறும் பஸ், அதனால எங்களுக்கு அது தேவைப்படல. சின்னப் பிள்ளைங்களும் வயசானவங்களும் இருக்குற குடும்பம் ஏழு நாளும் ஓடாது, அதை மனசுல வச்சு முடிவு பண்ணுங்க. தேம்ஸ் ஆத்துல ஓடுற படகுலயும் இதே கார்டைத் தட்டலாம் ஆனா அது கேப்ல சேராது, தனிக் காசு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் போறதா இருந்தா அதுக்கு ரயில் டிக்கெட் தனியா எடுக்கணும், அங்க ஓய்ஸ்டர் செல்லாது. விலையெல்லாம் நான் சொன்னது 2025 மே மாசக் கணக்கு, வழக்கமா மார்ச்ல மாத்துவாங்க, நீங்க போறப்போ ஒரு தடவை பாத்துக்கோங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எந்தக் கணக்கும் தெரியாத என் அம்மாவுக்கும், அந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்களுக்கும் அந்த மெஷின் ஒரே கேப்தான் போடுது. எது லாபம்னு தேடிக் கண்டுபிடிக்கிற வேலையை பயணிகிட்ட விடாம அதுவே பண்ணிக்குது. சென்னையில 2025 செப்டம்பர்ல "சென்னை ஒன்" (Chennai One)னு ஒரு ஆப் வந்துச்சு, பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட், அதைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதுலயே ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்க மாட்டோம்னும் ஒரு நாள் வரணும், திருச்சியில இருந்து ஆஸ்பத்திரிக்கு சென்னை வந்து நாலு பஸ் ரெண்டு ரயில் மாறுறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவியா இருக்கும்.

கிளம்புற அன்னைக்கு ஹீத்ரோவுல வெளிய தட்டிட்டு வந்தோம். ஓய்ஸ்டர்ல 10 பவுண்டுக்குள்ள மிச்சம் இருந்தா அங்க மெஷின்லயே திரும்ப வாங்கிக்கலாம், பையன் கார்டுல இருந்ததை வாங்கிட்டோம். அம்மா அவங்க கார்டைக் குடுக்கல. உள்ள ஆறு பவுண்டு சொச்சம் இருந்துச்சு, அந்தக் காசு காலாவதி ஆகாதுன்னு கடைக்கார அண்ணன் சொல்லியிருக்கார். பக்கத்து வீட்டு அக்கா அடுத்த மாசம் பையன் வீட்டுக்கு லண்டன் போறாங்க, நேத்து அம்மா அந்தக் கார்டை ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டு, டிஎல்ஆர்ல இறங்கினா மஞ்ச வட்டத்தைத் தேடித் தட்டணும்னு வாசல்ல நின்னு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்க.